சைக்கிளுக்குப் பாடி கட்டினேன்

சென்ற மாதம் சேலத்தில் ஒரு பெரிய சைக்கிள் ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., முகம் தெரிகிற டைல்ஸ். வரிசையாக நின்ற சைக்கிள்களில் ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்டாண்ட் போடக் காலை நீட்டினேன். கால் காற்றில் போய்விட்டுத் திரும்பி வந்தது. சைக்கிள் என்மேல் சாய்ந்தது. நான் பக்கத்துச் சைக்கிள்மேல் சாய்ந்தேன். அது அதற்குப் பக்கத்தில்...

மொத்தம் ஐந்து. விழுந்தவற்றை எண்ணிச் சொன்னது நான்தான். என்னையும் சேர்த்தால் ஆறு.

"ஸ்டாண்ட் எங்கம்மா?" என்று விற்பனைப் பெண்ணைக் கேட்டேன்.

"இதுல ஸ்டாண்ட் வராது அங்கிள். அக்சசரி. தனியா வாங்கிக்கணும்."

"மட்கார்டு?"

"அக்சசரி அங்கிள்."

"கேரியர், பெல்லு, லைட்டு, பூட்டு, செயின் கவர்?"

"எல்லாமே அக்சசரி அங்கிள்."

"அப்ப சைக்கிளோட என்னதாம்மா வரும்?"

அவள் சைக்கிளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். யோசித்தாள். "கியர் வரும் அங்கிள். இருபத்தொண்ணு."

இருபத்தொரு கியரை வைத்துக்கொண்டு நான் எந்த மலையில் ஏறுவது? நான் போய்வருகிற மோகனூர் ரோட்டில் ஏற்றம் என்று சொன்னால் அது வேகத்தடைதான். ஒரு வேகத்தடைக்கு ஒரு கியர் என்று வைத்தாலும் கியர் மிச்சமாகும்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லக் கூடாது. விழுந்த சைக்கிள்களை முகம் சுளிக்காமல் தூக்கி நிறுத்தினாள். எப்படி நிறுத்தினாள்? சுவரில் சாய்த்துத்தான். ஸ்டாண்ட்தான் அக்சசரியாயிற்றே.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழி, மாடு, கிணறு என்று எண்ணியே சம்பளம் வாங்கினேன். சம்பளம் நின்றுவிட்டது. எண்ணுவது நிற்கவில்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று. அதற்கு மாத்திரை கிடையாதாம்.

இந்த வயதில் உனக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு. ஒன்று வெளியே சொல்வது, ஒன்று உள்ளே இருப்பது.

வெளியே சொல்வது, சர்க்கரை. மாத்திரை ஒன்றாக இருந்தது இரண்டானது. எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துங்கள், உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர். இதற்கு நடுவில் என் மகன் பெங்களூரிலிருந்து வந்து, 'அப்பாவுக்கு இனிமேல் மோட்டார் வண்டி வேண்டாம்' என்று என் மொபெட்டை விற்றுவிட்டுப் போனான். அன்றிலிருந்து நான் என் மனைவி ருக்குமணியின் ஸ்கூட்டரில் பின்சீட்டு.

பின்சீட்டில் உட்கார்ந்து போகிற புருஷனை நம் ஊர் எப்படி நடத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ருக்குமணியிடம்தான் பேசுகிறார்கள். "ஏனுங்க்கா, சாரை எங்க கூட்டீட்டுப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். நான் பின்னால் கேஸ் சிலிண்டர் மாதிரி உட்கார்ந்திருப்பேன். சிலிண்டரிடம் யாராவது விசாரிப்பார்களா?

உள்ளே இருக்கிற காரணம், முட்டை போண்டா.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டைக்குப் பேர்போன ஊரில் பிறந்து, கோழிகளை எண்ணியே காலத்தைக் கழித்தவன், அவித்த முட்டையைக் கடலைமாவில் தோய்த்துச் சுடச்சுட எடுப்பதைப் பார்த்துக்கொண்டு பின்சீட்டில் தாண்டிப் போவது கொடுமை. தினம் ஒரு முட்டை சாப்பிடலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். முட்டைக்கு மேலே என்ன போர்த்தியிருக்கலாம், என்ன போர்த்தியிருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் ருக்குமணியிடம் இந்த வாதம் செல்லாது. ஏனென்றால் என் மாத்திரை இரண்டான அன்றைக்கே, "நீங்க திங்காதது எனக்கும் வேண்டாமுங்க" என்று சொல்லி வடச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். எண்ணெய்ப் பலகாரத்தைக் கையாலும் தொடுவதில்லை. தினமும் சாயங்காலம் ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஸ்கூட்டரில் போய் எனக்காக வேண்டிக்கொண்டு வருகிறாள். இந்தத் தியாகத்தை நான் குறைந்தது ஏழு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் முன்னால் போண்டா என்ற சொல்லை உச்சரிக்க முடியுமா?

தனியாகப் போக வேண்டும். எங்கே போகிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் போக வேண்டும். அதற்கு ஒரு வாகனம் வேண்டும். மகன் மோட்டாரைத்தான் தடை செய்தான், மிதிப்பதை அல்ல.

ஒரு சாமானை வாங்குவதற்கு முன்னால் நாலைந்து இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்காதவனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்குப் புரிவதில்லை. என் தேவைகள் ரொம்ப எளிமையானவை. மழை நாளில் சட்டை முதுகில் சேற்றுக்கோடு விழாமல் இருக்க மட்கார்டு. வேட்டியைச் செயின் தின்னாமல் இருக்கக் கவர். முருங்கைக்காய்க் கட்டை வைக்கக் கேரியர். நாய்க்கு பெல். இருட்டுக்கு லைட். நான் உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகத் தின்கிறபோது வெளியே யாரும் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்கப் பூட்டு. எல்லாம் பொருத்தி முழுசாக ஒரு சைக்கிள். அதிகமா கேட்டுவிட்டேன்?

ஷோரூமிலிருந்து நேராகச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அங்கே சந்துக்குள் ஒரு பழைய சைக்கிள் கடை. கறுப்பு சைக்கிள், உயரமான சைக்கிள், நம் காலத்துச் சைக்கிள். கேரியர் உண்டு, இரட்டைக்கால் ஸ்டாண்ட் உண்டு, செயினை முழுக்க மூடிய கவர் உண்டு. ஒன்றுவிடாமல் தடவிப் பார்த்தேன். முன்சக்கரத்தில் கம்பி முப்பத்திரண்டு, பின்சக்கரத்தில் நாற்பது. ஒன்றும் குறையவில்லை.

"ஏறிப் பாருங்க ஐயா, இது உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்சது" என்றார் கடைக்காரர்.

என்னை மாதிரி ஆளுக்குச் செய்ததில் நடுவே ஒரு கம்பி. அதற்கு மேலே காலைத் தூக்கிப் போட வேண்டும். போட்டேன். கால் அந்தப் பக்கம் போனது, வேட்டி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. எப்படியோ சீட்டில் உட்கார்ந்தும்விட்டேன். இறங்குவதற்குத்தான் வழி தெரியவில்லை. கால் தரைக்கு எட்டவில்லை, கம்பியைத் தாண்டவும் இல்லை. கடைக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கா பஞ்சம்? இரண்டு பேர் வந்து, ஒருவர் தோளிலும் ஒருவர் தொடையிலும் கைகொடுத்து, என்னைப் பதமாகக் கீழே இறக்கினார்கள்.

"எந்தக் கடைக்குங்க?" என்று கேட்டார் அதில் ஒருவர். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதே கடையில் கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிள் ஒன்றும் நின்றது. வேட்டிக்குத் தோதானது. கூடை உண்டு, பெல் உண்டு, ஸ்டாண்ட் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். கண்ணைத் திறந்ததுதான் தப்பு. ரோஸ் கலர், உடம்பெல்லாம் பட்டாம்பூச்சி. பதினொன்று.

மறுபடியும் ஷோரூமுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் மற்ற சைக்கிள்களைச் சற்றுத் தள்ளி நிறுத்தினாள். "எல்லாம் பிட் பண்ணி வர்ற மாடல் ஒண்ணு இருக்கு அங்கிள், இம்போர்ட்டட்" என்றாள். அதில் நான் கேட்ட அத்தனையும் இருந்தது. சக்கரம் சுற்றினால் லைட் தானாக எரிகிறது. செயின் இருக்கிற இடத்தில் பெல்ட், வேட்டிக்கு ஆபத்தே இல்லை. பூட்டு சைக்கிளோடு பிறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலையைக் கேட்டேன். பிறகு அதன் ஹேண்டில்பாரிலிருந்து கையை மெதுவாக, ஒவ்வொரு விரலாக, எடுத்தேன். அதை வாங்கினால் அதை உள்ளே கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நான் வாசலில் படுக்க வேண்டும்.

ஆக, இரண்டு கடை ஏறி இறங்கி நான் தெரிந்துகொண்டது இதுதான். எல்லாம் உள்ள சைக்கிளில் நான் ஏற முடியாது, அல்லது என் பென்ஷன் ஏற முடியாது. நான் ஏறக்கூடிய சைக்கிளில் ஒன்றுமே இருக்காது.

நாமக்கல்லுக்குத் திரும்பி நண்பர் ராசப்பனிடம் புலம்பினேன். ராசப்பன் ஒரு காலத்தில் நான்கு லாரிக்குச் சொந்தக்காரர். இப்போது லாரி இல்லை, பேச்சில் மட்டும் ஓட்டுகிறார்.

"ஏனுங் சார், லாரி வாங்கறப்ப கம்பெனிக்காரன் நமக்கு என்ன தர்றான்?" என்று கேட்டார்.

"லாரி."

"அதுதான் இல்லீங்க. சேஸு தர்றான். இஞ்சினு, சக்கரம், ஸ்டீரிங்கு. அவ்வளவுதான். டிரைவரு தலையில துண்டைக் கட்டீட்டு, மொட்டை வண்டிய வெயில்ல ஓட்டீட்டு நம்மூருக்கு வாரானுங்க. கேபின், பாடி, கதவு, தொட்டி எல்லாம் இங்கதான் கட்டறோம். அவன் கம்பெனியப் பாத்து மட்கார்டு எங்க, பூட்டு எங்கன்னு கேட்டானுங்களா?"

"இல்லை."

"அந்தப் புள்ள உங்களுக்குக் காட்டுனது சேஸு. அதைப் போய்ச் சைக்கிள்னு நெனைச்சுட்டு வந்து அழுதுட்டு இருக்கறீங்க. சேஸை எடுங்க சார். பாடிய நாம கட்டிக்கலாமுங்க."

வேறு ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். திருச்சி ரோடு நெடுக லாரிகள் எலும்பாக வந்து, சதையும் சட்டையும் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதைவிடச் சரியான வாதம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. நான் படித்தவன்தான். ஆனால் நாமக்கல்காரன்.

ருக்குமணியிடம் உடற்பயிற்சி என்று சொன்னேன். "நானே வாங்கித் தாரனுங்க. மிதிக்கறது மட்டும் உங்க பொறுப்பு" என்றாள். மறுநாளே ஷோரூமுக்கு வந்து, கம்பி தாழ்ந்த, கியரில்லாத, சாம்பல் நிற மொட்டைச் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். பில் அவள் பெயரில், செல் நம்பரும் அவளுடையது. இதை அப்போது நான் கவனித்தேன். பொருட்படுத்தவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவனுக்கு எதை எண்ண வேண்டும் என்று தெரிவதில்லை.

பாடி கட்டும் பட்டறையில் பதினான்கு சக்கர லாரி ஒன்றும் பத்துச் சக்கர லாரி ஒன்றும் நின்றன. நடுவில் எங்கள் இரண்டு சக்கரத்தை நிறுத்தினோம். யாராவது சிரிப்பார்கள் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி டேப்பை எடுத்து நீளம், அகலம் பார்த்தார்.

"என்னுங்க லோடு அடிப்பீங்க?" என்று கேட்டார்.

"முருங்கைக்காய்" என்றேன்.

"மேல தார்ப்பாய் கட்டறதுக்குக் கொக்கி எத்தனை வேணுமுங்க?"

நான் ராசப்பனைப் பார்த்தேன். "எட்டு வெச்சிருங்க" என்றார் ராசப்பன்.

லாரிக்கு வெட்டியதில் மிச்சமான தகட்டில் இரண்டு மட்கார்டு. ஆங்கிள் இரும்பில் கேரியர், எட்டுக் கொக்கியோடு. லாரிப் படிக்குப் போடுகிற புள்ளி புடைத்த தகட்டில் செயின் கவர். இரட்டைக்கால் ஸ்டாண்ட், அதன்மேல் ஒரு பஸ்ஸையே நிறுத்தலாம். ஸ்பானர் வைக்க டூல் பாக்ஸ். ரப்பர் பந்து ஹாரன், இரண்டு பக்கமும் கண்ணாடி, பின்னால் சேறு அடிக்காமல் ரப்பர் மட்பிளாப், திருஷ்டிக்கு ஹேண்டில்பாரில் கறுப்புக் குஞ்சம். பின்சக்கரத்தில் ஒரு பூட்டு, நான் கேட்டபடியே, வெட்டி எடுத்தாலொழிய அசையாது. சேஸாகப் போனபோது ஒரு கையால் தூக்கினேன். முழு வண்டியாக வெளியே வந்தபோது இரண்டு பேர் தள்ளினார்கள்.

கடைசியில் பெயிண்டர் வந்தார். முன் மட்கார்டில் குலசாமி பெயர். பின் மட்கார்டில் 'சவுண்ட் ஹாரன்'. அதற்குக் கீழே, மஞ்சள் எழுத்தில், சிவப்பு நிழலோடு: 'ஓனர் - ருக்குமணி'. பக்கத்தில் செல் நம்பர்.

"இது என்னப்பா?" என்றேன்.

"பில்லுல அப்படித்தானுங்க இருக்குது."

"ஓட்டுகிறது நான்."

"சரிதானுங்க. டிரைவரு பேரு எழுதற வழக்கமில்லீங்களே" என்றார், பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே.

அழிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். ராசப்பன் தடுத்தார். நம்பர் இல்லாத வண்டியை யாரும் மதிக்க மாட்டார்களாம். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். சைக்கிள் நம்பருக்கு யார் போன் செய்யப் போகிறார்கள்?

பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம், நான் மிதித்து ஏறியதும் காகிதமானது. ருக்குமணி கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டியைத்தான்.

முதல் இரண்டு மூன்று நாள் யோக்கியமாக மோகனூர் ரோட்டில் ஓட்டினேன். வேகத்தடையில் இறங்கித் தள்ளினேன். அப்புறம் ஒரு சாயங்காலம், ருக்குமணி கோயிலுக்குக் கிளம்பிப் போனதும், நானும் கிளம்பினேன். தெரிந்தவர்கள் கண்ணில் படாத கடையாக யோசித்து வைத்திருந்தேன். ஊர் எல்லையில், திருச்சி ரோட்டில், லாரிக்காரர்கள் மட்டும் வந்துபோகிற ஒரு போண்டாக் கடை. எங்கள் வீட்டிலிருந்தும் தூரம், கோயிலிலிருந்தும் தூரம்.

போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. வண்டியைக் கடை ஓரமாக ஸ்டாண்ட் போட்டேன். ஆனந்தமாகப் பூட்டினேன். உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முட்டை போண்டா சொன்னேன்.

எண்ணெயிலிருந்து நேராக என் கைக்கு வந்தது. கையில் காகிதம் போட்டும் சுட்டது. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஊதினேன். எத்தனை மாதம் காத்திருந்தேன், இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க மாட்டேனா?

அப்போது வாசலில் ஒரு மினி லாரி டிரைவர் நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார். என் வண்டியின் பின்புறத்தை. அவருடைய வண்டி வெளியே வருகிற வழியில் என் சைக்கிள் நின்றது. வேறு ஊராக இருந்தால் சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போயிருப்பார். இவரும் தூக்கிப் பார்த்திருக்கிறார். நாங்கள் கட்டிய பாடி, அசைந்து கொடுக்குமா? உருட்டிப் பார்த்திருக்கிறார். பூட்டு. அப்புறம், வழியடைத்து நிற்கிற வண்டியைக் கண்டால் எங்கள் ஊரில் எல்லோரும் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். பின்னால் இருந்த நம்பருக்கு அடித்தார்.

"ஏனுங்க்கா, ருக்குமணிங்களா? உங்க வண்டி இங்க திருச்சி ரோட்டுல போண்டாக் கடை முன்னால வழிய அடைச்சுட்டு நிக்குதுங்க... ஆமாங்க, சைக்கிளுதானுங்க... டிரைவருங்களா? தெரியலீங்களே... இங்க ஒரு பெரியவரு ரெண்டு கையிலயும் போண்டா வெச்சுட்டு என்னையவே பாக்கறாருங்க. அவருங்களா?"

நான் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்து, வண்டியைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். இரண்டு கையிலும் போண்டா. கீழே வைக்க மனசு வரவில்லை. தின்றுவிட்டுப் போகலாம் என்றால் சூடு. ஊதினேன். இன்னும் ஊதினேன். போண்டா ஆறுவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

ருக்குமணி இறங்கி வந்தாள். என்னையும் பார்த்தாள், போண்டாவையும் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எந்த எக்சர்சைஸுங்க?"

"முட்டைதான் ருக்கு. டாக்டர் சொன்னது."

"டாக்டரு ரெண்டு கையிலயுமா சொன்னாரு?"

அவள் என் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மினி லாரிக்காரரும் அவளும் சேர்ந்து தள்ளினார்கள். "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க்கா. டிரைவரத்தான் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மாட்டிக்கொண்டவன் கண்ணைப் பார்த்துப் பேச முடியாது அல்லவா, அதனால் அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையின் ஓரத்தில் ஒரு சொட்டு. பச்சையாக, ஈரமாக. மல்லிச் சட்னி.

"கோயில்ல இருந்தா வர்றே?" என்றேன்.

"ஆமாங்க. வடை பிரசாதம் குடுத்தாங்க. அதை வாங்கித் தின்னுட்டு வாரேன்."

நான் எண்ணிப் பழகியவன். கோயில் ஊருக்கு நடுவில். நடுவே பஸ் ஸ்டாண்ட் நெரிசல். அங்கிருந்து இங்கே வருவதற்குள் போண்டா ஆறி, நான் தின்று, கையையும் கழுவியிருக்க வேண்டும். ஆனால் போண்டா இன்னும் சுடுகிறது. தெரிந்தவர் கண்ணில் படாத கடையாக, வீட்டுக்கும் தூரமாக, கோயிலுக்கும் தூரமாக... இந்தக் கணக்கை நான் ஒருவன்தான் போட்டிருப்பேன் என்று எப்படி நினைத்தேன்? அந்த ரோட்டில் வரிசையாக எத்தனை பலகாரக் கடை. தவிர, ஆஞ்சநேயருக்குச் சாத்துகிற வடைமாலை வடையை நான் தின்றிருக்கிறேன். மிளகு போட்டு, மொறுமொறுவென்று இருக்கும். அதற்கு எந்தக் கோயிலில் சட்னி ஊற்றிக் கொடுக்கிறார்கள்?

அந்த ஏழு பேரையும் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் போய் என்னவென்று சொல்வது?

ஓனரிடம் டிரைவர் விசாரணை நடத்துகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ருக்குமணி என் இடது கையிலிருந்த போண்டாவை எடுத்துக்கொண்டாள். "ரெண்டையும் நீங்களே தின்னா சக்கரை ஏறிக்குமுங்க" என்று சொல்லி, எனக்காக அந்தக் கஷ்டத்தை ஏற்றுக்கொண்டாள். கடைக்காரரைக் கூப்பிட்டு, சட்னி கொண்டு வரச் சொன்னாள். மல்லிச் சட்னியா தேங்காய்ச் சட்னியா என்று அவர் கேட்டார்.

"தேங்காய்" என்றாள். மல்லி ஏற்கெனவே ஆயிற்று போலிருக்கிறது.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வாங்கியபோது யார் பெயரில் பதிந்தோம் என்பது மறந்தே போயிருந்தது. என் பெயரில்தான் இருக்கிறது.

பெயிண்டருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.